உரோமமற்ற உயிரும் நம் பொறுப்பும்

வீட்டில் பிராணி வளர்ப்பது ஆகுமா என்று யாரேனும் கேட்டால் விடை சொல்வது எளிது. உணவும் நீரும் தவறாமல் கொடுத்து, துன்புறுத்தாமல் பேணுவதாயின் தடையில்லை என்று நம் ஆலிம்கள் சொல்லிவிடுவார்கள். நாயைப் பற்றித் தனிச் சட்டம் உண்டு. பூனையைப் பற்றியோ, கிளியைப் பற்றியோ, புறாவைப் பற்றியோ நமக்கு ஐயம் எழுந்ததில்லை. ஆனால் மேலைநாடுகளில் பரவியுள்ள ஒரு வழக்கம் இந்த எளிய விடைக்குள் அடங்காத கேள்வி ஒன்றை எழுப்புகிறது. உடலை மூடும் உரோமம் இல்லாமலே பிறக்கும்படி மனிதனால் பெருக்கப்பட்ட ஒரு சிறு பிராணியை, அந்தக் குறைக்காகவே விரும்பி, விலை கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளை, பள்ளித் தோழன் வீட்டில் அதைக் கண்டு வந்து தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டால் வாப்பாவும் உம்மாவும் என்ன சொல்வது? ஆகும் என்பதா, ஆகாது என்பதா? இவ்விரு சொற்களுக்கும் இடையே சிந்திக்க வேண்டிய இடம் நிறைய இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். இப்பிராணியைத் தமிழில் கினிப்பன்றி என்று எழுதுகிறார்கள். பன்றி என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் வீடுகளில் முகம் சுளிப்பது இயல்பு. ஆனால் இது பன்றியுமன்று. கினி நாட்டிலிருந்து வந்ததுமன்று. எலி, அணில் ஆகியவற்றைப் போலக் கொறித்துண்ணும் இனத்தைச் சேர்ந்தது. புல்லும் தழையுமே இதன் உணவு. இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடு. பிரெஞ்சுக்காரர் இதனை இந்தியப் பன்றி என்கிறார்கள்; ஜெர்மானியர் கடற்பன்றிக்குட்டி என்கிறார்கள். இந்தியாவுக்கும் கடலுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பாவம், பெயர் வைத்த யாருமே இதனிடம் நீதியாக நடந்துகொள்ளவில்லை! பெயரால் ஒரு பொருள் ஹராமாகிவிடாது என்பதை நாம் அறிவோம். இக்கட்டுரையில் இதனைக் கினி எலி என்றே குறிப்பிடுவோம்.

ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பழக்கி வீட்டில் வளர்த்தார்கள். அவர்களுக்கு இது கொஞ்சி மகிழும் செல்லப் பிராணியன்று. நம் வீட்டுக் கோழியைப் போன்றது. பெரு நாட்டில் இன்றும் இதன் இறைச்சியை உண்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாடுகளைப் பிடித்த பின்பு இது ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. ஆண்டிஸ் உயர்ந்த மலை. இரவுக் குளிர் கடுமையானது. அந்தக் குளிரைத் தாங்குவதற்காகவே வல்ல நாயன் இதற்கு அடர்ந்த உரோமப் போர்வையைக் கொடுத்திருக்கிறான். குட்டியின் பிறப்பையும் கவனியுங்கள். எலிக்குஞ்சு கண் திறவாமல், உரோமமின்றி, சிவந்த தசைப்பிண்டமாகப் பிறக்கிறது. கினி எலியோ ஏறக்குறைய அறுபது முதல் எழுபது நாள் வரை கருவைச் சுமந்து, உரோமம் முளைத்து, கண் திறந்து, பற்களும் வளர்ந்த குட்டியை ஈனுகிறது. பிறந்த சில மணி நேரத்தில் அது ஓடுகிறது. மனிதக் குழந்தை ஆடையின்றிப் பிறக்கிறது. யாரேனும் துணி சுற்றினால்தான் உண்டு. கினி எலிக் குட்டி தன் ஆடையோடு உலகுக்கு வருகிறது.

இந்தப் பிராணிக்கும் மனிதனுக்கும் வேறொரு விந்தையான ஒற்றுமை உண்டு. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி என்னும் சத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. மனிதனால் அது இயலாது. கினி எலியாலும் இயலாது. இருவரும் அதை உணவிலிருந்தே பெறவேண்டும். 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆய்வாளர்களான ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் தானியம் மட்டுமே தின்று வந்த கினி எலிகளுக்கு, கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். அந்நோயின் காரணத்தை அறிய வழி திறந்தது அப்போதுதான். அதற்கும் முன்பு, 1882ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தபோது, அவருடைய சோதனைகளில் உயிர்விட்டவை கினி எலிகள். சோதனைக்கு உள்ளாகும் எந்த மனிதனையும் கினி எலி என்று குறிப்பிடும் வழக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. காசநோயிலிருந்து மீண்டு நம் குடும்பங்களில் உலவும் பெரியவர்களில் எத்தனை பேர் இந்தச் சிற்றுயிருக்குக் கடன்பட்டவர்கள் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

உரோமமற்ற கினி எலியின் கதையும் ஆய்வுக்கூடத்தில்தான் தொடங்குகிறது. 1978ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியால் நகரிலுள்ள ஆர்மான்ட் ஃப்ராப்பியே நிலையத்தில், சோதனைக்கென வளர்க்கப்பட்ட ஹார்ட்லி இனக் கினி எலிகளிடையே உரோமம் இல்லாத குட்டி தோன்றியது. யாரும் அதைத் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. உயிரியலார் சடுதி மாற்றம் என்று கூறும் நிகழ்ச்சி அது. வேறோர் இடமாயின் அந்தக் குட்டி விரைவில் மாண்டிருக்கும். கதையும் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் ஆய்வாளரின் கண்ணுக்கு அது பயனுள்ளதாகப் பட்டது. தோலின்மேல் மருந்துகளைத் தடவி ஆராய்வோர் அதுவரை ஒவ்வொரு பிராணியின் உரோமத்தையும் மழிக்க வேண்டியிருந்தது. இதற்கோ மழிக்கும் வேலையே இல்லை. 1982ஆம் ஆண்டில் இவ்வினம் ஆய்வு விலங்குகளைப் பெருக்கி விற்கும் சார்ல்ஸ் ரிவர் நிறுவனத்துக்குச் சென்றது. பின்னர் பிராணி வளர்ப்போர் அதைச் சாதாரண உரோமக் கினி எலிகளுடன் கலந்து, உடல் வலுவுள்ள ஒரு வகையை உண்டாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கின்னி என்று அதற்குப் பெயர். மூக்கின்மேலும் பாதங்களிலும் சிறிது உரோமம் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெறுந்தோல். பால்ட்வின் என்று மற்றொரு வகையும் உண்டு. அது உரோமத்தோடு பிறந்து, மூக்கிலிருந்து தொடங்கிச் சில மாதங்களில் முழுவதும் உதிர்த்துவிடுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு ஜீன்களால் வருவன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தால்தான் குட்டி உரோமமின்றிப் பிறக்கும். ஆகவே ஸ்கின்னியையும் பால்ட்வினையும் இணைத்தால் பிறக்கும் குட்டிகளுக்கு உரோமம் திரும்பிவிடுகிறது.

இதை விரும்புவோர் கூறும் காரணங்கள் சில உண்டு. பார்ப்பதற்குப் புதுமையாக, சிறு நீர்யானை போல இருக்கிறதாம். வீட்டில் உரோமம் உதிராதாம். ஒவ்வாமையால் தும்முவோருக்கும் தொல்லை தராதாம். கடைசிக் காரணம் நம்பத் தகுந்ததன்று. கினி எலியால் வரும் ஒவ்வாமைக்குக் காரணமான பொருள்கள் அதன் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் தோலிலிருந்து உதிரும் பொடியிலும் இருக்கின்றன. உரோமம் அவற்றை ஏந்திச் செல்லும் வாகனம் மட்டுமே. உரோமம் போனாலும் உமிழ்நீர் போகவில்லையே. மீதமிருப்பவை புதுமையும் வசதியும்.

இனி மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். உரோமமற்ற கினி எலி எப்போதும் நோயில் கிடந்து துடிக்கிறது என்று நாம் கூறினால் அது உண்மையாகாது. ஆய்வுக்கூடத்தில் உரோமமற்ற எலி வகை ஒன்று உண்டு. நோயை எதிர்க்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. இந்தக் கினி எலிக்கு அக்குறை இல்லை. நன்றாகப் பேணப்பட்டால் அது மற்றக் கினி எலிகளைப் போலவே ஓடியாடி, கீச்சிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் வாழ்கிறது. ஆனால் "நன்றாகப் பேணப்பட்டால்" என்ற அந்த நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உடற்சூட்டைக் காக்கும் போர்வை இல்லாததால் அது மற்றவற்றைவிட மிகுதியாக உண்ண வேண்டும். உணவு ஒருநாள் குறைந்தால் குளிரும் சேர்ந்து தாக்கும். மற்றக் கினி எலிக்குப் போதுமான அறைச் சூடு இதற்குப் போதாது. வெயிலில் விட்டால் தோல் பொசுங்கும். கரடுமுரடான வைக்கோல் குத்தினாலே கீறல் விழும்; கூட்டாளியின் நகம் பட்டால் புண்ணாகும். தோல் வறண்டு வெடிப்பதுமுண்டு. உரோமமுள்ள கினி எலிக்கும் மனிதக் கவனம் தேவைதான். எனினும் வீட்டார் ஓரிரவு மறந்தாலும் படைத்தவன் கொடுத்த போர்வை அதன்மேல் இருக்கும். இதற்கோ மறதியை ஈடுசெய்ய ஒன்றுமே இல்லை.

மார்க்கம் இதை எவ்வாறு நோக்கும்? பிராணி வளர்த்தலுக்கு நம்மிடம் இனிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளை. அப்பிள்ளை ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தது. குருவி இறந்துபோய்ப் பிள்ளை வாடியிருந்தபோது அங்கே வந்த பெருமானார் (ஸல்) அவர்கள், பெரியவரை அழைப்பதுபோல மதிப்புப் பெயரிட்டு அப்பிள்ளையை அழைத்து, குருவியைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபது பயன்களை எடுத்து விளக்கி, ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதினார்கள். பிள்ளைகள் பறவையோடு விளையாடலாம் என்பதும், அதனைக் காவலில் வைத்து வளர்க்கலாம் என்பதும் இந்த ஹதீதிலிருந்து அறிஞர் எடுத்த முடிவுகளில் அடங்கும். நம் பிள்ளை ஒரு பிராணியை விரும்பிக் கேட்பதில் குற்றமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீட்டுக்குள் உயிர் எதையும் விடமாட்டோம் என்று பிள்ளையை அதட்டும் பெற்றோரைக் காணும்போது, அண்ணலாரின் கனிவு இவர்களுக்கு எட்டவில்லையே என்று நமக்கு வருத்தம் உண்டாகிறது.

இதற்கு எதிர்முகமான செய்தியும் யாவரும் அறிந்ததே. பூனையைக் கட்டிவைத்துக் கொன்றதற்காக ஒரு பெண் தண்டனைக்குள்ளானாள் என்று புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வருகிறது. அந்தச் செய்தியில் அவள்மேல் சாட்டப்படும் குற்றத்தை உற்று நோக்குவோம். அவள் தானும் உணவு கொடுக்கவில்லை; பூமியிலுள்ளவற்றைத் தேடித் தின்னும்படி அவிழ்த்து விடவுமில்லை. ஆக, அவள் முன் இரண்டு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று பேணுதல், மற்றொன்று விடுவித்தல். இரண்டையும் அவள் அடைத்தாள். நம்முடைய கினி எலிக்கு வருவோம். உரோமமற்றதாக அதைப் பெருக்கியபோதே இரண்டாவது வாயிலை மனிதன் நிலையாக அடைத்துவிட்டான். அதை எந்தத் தோட்டத்தில் அவிழ்த்து விடுவது? விட்டால் குளிரோ வெயிலோ பூனையோ அன்றே முடித்துவிடும். பிறக்கும்போதே கட்டுண்டு பிறக்கிறது அது. கயிறு நம் கையில் இருக்கிறது. ஆகவே திறந்திருக்கும் ஒரே வாயிலான பேணுதல், மற்றப் பிராணிகளைவிட இதன் விஷயத்தில் பன்மடங்கு கடமையாகிறது.

பேணுதல் என்பது மனமிருந்தால் செய்யும் தருமம் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். ஃபிக்ஹு நூல்கள் அவ்வாறு கூறவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நம் மதரஸாக்களில் ஓதப்படுவது. மனைவி மக்களின் செலவைப் பேசும் பகுதியின் இறுதியிலேயே கால்நடைகளின் தீனியும் நீரும் உடையவன்மீது கடமை என்ற சட்டம் அதில் வருகிறது. கொடுக்க மறுப்பவனை, விற்றுவிடும்படியோ தீனி கொடுக்கும்படியோ ஆட்சியாளர் கட்டாயப்படுத்துவார். அறிஞர்களின் சுல்தான் என்று போற்றப்பட்ட இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் கி.பி. 1262இல் கெய்ரோவில் மறைந்தவர். அவர் தம் கவாஇதுல் அஹ்காம் நூலில் மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசையாக எழுதுகிறார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவு செய்யவேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. தாங்காத சுமை ஏற்றலாகாது. அதற்குத் தீங்கு செய்யும் பிராணியோடு அதைச் சேர்த்து அடைக்கலாகாது. அது தங்குமிடம் நல்லதாக இருக்கவேண்டும். உரிமை என்ற சொல்லை அவர் ஆளும்போது அதை உவமையாக ஆளவில்லை, சட்டமாக ஆள்கிறார். மேலைநாட்டார் விலங்குரிமை பேசத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய எழுத்து இது. இதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர் என்று கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

இனிப் படைப்பை மாற்றும் பிரச்சினை. திருமறையின் நான்காம் அத்தியாயமான அன்னிஸாவின் 119ஆம் வசனம், கால்நடைகளின் காதுகளை அறுக்கவும் அல்லாஹ்வின் படைப்பை மாற்றவும் மனிதரைத் தூண்டுவேன் என்ற ஷைத்தானின் சூளுரையைக் கூறுகிறது. உரோமமற்ற கினி எலி அந்த வகைதானே என்று ஒருவர் உடனே தீர்ப்பளித்துவிடலாம். நாம் அவ்வளவு விரைய விரும்பவில்லை. படைப்பை மாற்றுதல் என்பதற்கு மார்க்கத்தை மாற்றுதல் என்று பொருள் கொண்ட விரிவுரையாளர் உண்டு. விதையடித்தல், பச்சை குத்துதல் போன்றவற்றைக் கொண்டவரும் உண்டு. மேலும் 1978இல் பிறந்த அந்த முதற்குட்டியை எந்த மனிதனும் மாற்றவில்லை. உரோமமின்றி அது பிறந்தது இறைநாட்டமே. பார்வையின்றிப் பிறக்கும் குழந்தையைப் போல அதுவும் குறையற்ற மதிப்புடைய படைப்பே. அந்தக் குட்டியை எடுத்துக் கணப்பின் அருகே வைத்துக் காப்பாற்றியவர் ஒருவர் இருந்திருப்பாராயின் அவருக்கு நன்மை எழுதப்பட்டிருக்கும் என்றே நாம் நம்புகிறோம். ஆனால் அக்குறை தொடர்ந்து பிறக்கவேண்டும் என்று தாயையும் தந்தையையும் தேடித் தேடி இணைத்தது இறைநாட்டத்தின் மேல் பழியைப் போடக்கூடிய செயலன்று. அது மனிதன் செய்தது. குறையோடு பிறந்ததை ஏற்றுப் பேணுவது வேறு. குறையையே விளைபொருளாக்கிப் பயிரிடுவது வேறு.

இந்த வேறுபாடு நாமாகக் கற்பித்ததோ என்ற ஐயம் எழலாம். கோவேறு கழுதையைப் பற்றிய ஒரு ஹதீது இதற்கு ஒளி தருகிறது. நபி (ஸல்) அவர்களுக்குக் கோவேறு கழுதை ஒன்று அன்பளிப்பாக வந்தது. அவர்கள் அதில் ஏறிச் சென்றார்கள். அதைக் கண்ட அலீ (ரலி) அவர்கள், கழுதையையும் குதிரையையும் இணைத்தால் நாமும் இத்தகையவற்றைப் பெறலாமே என்ற கருத்தைச் சொன்னார்கள். அறியாதவர்களே அவ்வாறு செய்வார்கள் என்ற பொருளில் பெருமானார் மறுமொழி பகர்ந்தார்கள். அபூதாவூத் நூலில் இது பதிவாகியுள்ளது. கோவேறு கழுதையை ஏறிச் செல்லத் திருமறை அனுமதிக்கிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தின் எட்டாம் வசனம் குதிரையோடும் கழுதையோடும் சேர்த்து அதனையும் அருட்கொடையாகவே எண்ணுகிறது. துல்துல் என்ற பெயரைக் கேட்டிராத முஸ்லிம் குடும்பம் நம் நாட்டில் இல்லை. அது அண்ணலாரின் கோவேறு கழுதையே. பிறந்துவிட்ட கோவேறு கழுதையை ஏற்றார்கள், ஏறினார்கள், பேணினார்கள். புதிதாக அதை உண்டாக்கும் தொழிலை விரும்பவில்லை. குதிரையினம் குறைந்துவிடும் என்பதே காரணம் என்று விளக்கியவர்கள் உண்டு. ஆகவே சட்ட அளவில் அது தடுக்கப்பட்டதன்று என்று கூறியோரும் உண்டு. கினி எலிக்கு அச்சட்டத்தை அப்படியே பொருத்த நாம் முற்படவில்லை. அது முஃப்திகளின் வேலை. ஆனால் இருக்கும் உயிரிடம் ஒரு முகமும், அதைப் பெருக்கும் தொழிலிடம் மற்றொரு முகமும் காட்டுவது முரண்பாடன்று என்பதற்கு இது சான்றாகிறது.

ஆடு, மாடு, கோழி, பேரீச்சை எல்லாவற்றையும் மனிதன் தேர்ந்து தேர்ந்து மாற்றியே வந்திருக்கிறானே, அப்போதெல்லாம் எழாத கேள்வி இப்போது எதற்கு என்று கேட்பவர் இருப்பார். அது வலிமையான கேள்வி. நம் ஊர்ச் செம்மறி ஆட்டைப் பாருங்கள். மனிதன் கைபடாத ஆடு அன்று அது. ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தேவையை நிறைவு செய்தன. பசி, ஆடை, உழவு, பயணம். தேவை உள்ள இடத்திலும் அளவு மீறும்போது நம் மனம் கூசுகிறது. தன் கால் தாங்காத எடைக்கு ஆறே வாரத்தில் கொழுக்க வைக்கப்படும் இறைச்சிக் கோழியைக் காணும்போது நமக்கு அந்தக் கூச்சம் வரவேண்டும், பெரும்பாலும் வருவதில்லை. பிரியாணியின் மணம் அதை மறைத்துவிடுகிறது. கினி எலியின் விஷயத்தில் மறைக்க அத்தகைய மணம் எதுவும் இல்லை. பசிக்காகவன்று, மருந்துக்காகவன்று, பார்வைக்குப் புதுமையாக இருக்கிறது என்பதற்காக ஓர் உயிரின் ஆடை பறிக்கப்படுகிறது. ஆய்வுக்கூடத்தையாவது மருந்து என்ற சொல்லால் ஓரளவு காக்கலாம். அங்கும் அழகுப் பொருள்களின் சோதனைக்காக விலங்குகளை வதைப்பதை ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் தடை செய்துவிட்டன. கடையின் கண்ணாடிப் பெட்டியைக் காக்க அந்தச் சொல்லும் கிடையாது.

சட்டங்களும் இத்திசையில் நகர்ந்து வருகின்றன. உறுப்புக் குறைந்து அதனால் துன்புறும் குட்டிகள் பிறக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய இனப்பெருக்கத்தை ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது. 1966இல் கனடாவின் டொராண்டோவில் பிறந்த உரோமமற்ற பூனைக்குட்டியிலிருந்து பெருக்கப்பட்ட ஸ்ஃபிங்ஸ் பூனை உலகெங்கும் பரவியது. அத்தகைய உரோமமற்ற பூனைகளை வைத்திருப்பதை நெதர்லாந்து 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்தது. ஆயினும் அந்தத் தேதிக்கு முன்பே பிறந்து முறையாக அடையாளமிடப்பட்டவற்றை அவற்றின் ஆயுள் முடியும்வரை உடையவர் வைத்துக்கொள்ளலாம். பிறந்துவிட்டதற்கு ஒரு நீதி, இனிப் பிறக்கப்போவதற்கு ஒரு நீதி. கோவேறு கழுதை ஹதீதில் நாம் கண்ட அதே பிரிவினை ஐரோப்பியச் சட்டத்திலும் வந்து நிற்கிறது.

ஆகவே கடைக்குச் சென்று பிள்ளைக்கு உரோமமற்ற கினி எலி வாங்கிக் கொடுப்பதை நாம் நல்லதென்று கருதவில்லை. ஹராம் என்ற சொல்லை இங்கே நாம் ஆளவில்லை. அச்சொல்லை எளிதாக ஆள்வது நம்மவரிடையே ஏற்கெனவே மிகுந்துள்ள நோய். ஆனால் விலை கொடுக்கும் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு குட்டியை இவ்வாறே பிறப்பிக்கும்படி வளர்ப்பவருக்குச் சொல்லியனுப்புகிறார். வாங்கியவர் எத்தனை அன்போடு பேணினாலும், அவர் கொடுத்த பணத்தால் பிறக்கும் அடுத்த குட்டி யார் வீட்டுக்குச் செல்லும் என்பது அவர் கையில் இல்லை. குளிர்காலத்தில் இரண்டு நாள் மின்சாரம் நின்றுபோகும் வீட்டுக்கும் அது செல்லலாம். ஒரு மாதத்தில் சலித்துவிடும் பிள்ளையிடமும் செல்லலாம்.

கைவிடப்பட்டு விலங்குக் காப்பகத்தில் கிடக்கும் கினி எலியை அழைத்து வருவதோ, நாட்டை விட்டுச் செல்லும் அண்டை வீட்டார் கொடுப்பதை ஏற்பதோ முற்றிலும் வேறு. அங்கே சந்தைக்கு எதுவும் சொல்லியனுப்பப்படுவதில்லை. ஓர் அமானிதம் கைமாறுகிறது. ஒட்டகம் ஒன்று அழுது முறையிட்டபோது அதன் உடையவரை அழைத்து, அல்லாஹ் உம் கைவசமாக்கிய இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்சவேண்டாமா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். கைவசமாக்கியவன் அவன் என்று அதில் வரும் செய்தியைப் பிள்ளைக்குச் சொல்லித்தான் அந்தச் சிற்றுயிரை அதன் மடியில் வைக்கவேண்டும். குளிர்ந்த கண்ணாடிச் சன்னலுக்கு அருகே கூட்டை வைக்கலாகாது. மெத்தென்ற துணி விரிப்பு வேண்டும். நுழைந்து படுக்கத் துணிப்பை வேண்டும். உலர்புல் எந்நேரமும் தீராமல் இருக்கவேண்டும். அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அரைத்துத் தேய்க்க அதுவே வழி. வைட்டமின் சி கிடைக்கக் குடைமிளகாய்த் துண்டு நாள்தோறும் கொடுக்கலாம். நேர்வெயிலில் விடலாகாது.

மற்றொரு தேவை இருக்கிறது. பலர் அதைக் கருதுவதில்லை. கினி எலி கூட்டமாக வாழும் உயிர். தனியே அடைத்தால் வயிறு நிறைந்தாலும் வாடும். பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் தெரிவிப்பதை நாம் ஓதுகிறோம். சமுதாயத்திலிருந்து பிரித்து ஒன்றை மட்டும் வைப்பதன் பொருள் என்ன என்று எண்ணுவதில்லை. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் கினி எலியைத் தனியாக வளர்ப்பதைத் தடுத்துவிட்டன. ஆகக் குறைந்தது இரண்டு வேண்டும். இங்கே ஒரு சிக்கல் பிறக்கிறது. இரண்டில் ஒன்று இறந்துவிட்டால் எஞ்சியதற்குத் துணை வேண்டும். துணைக்காகக் கடையில் ஒன்று வாங்கினால், நாம் வேண்டாம் என்ற அந்தச் சந்தை நம் இரக்கத்தின் வழியாகவே திரும்பி வந்துவிடும். அதுவும் ஓராண்டில் தனித்துவிட்டால் மற்றொன்று. இப்படியே முடிவில்லாமல் போகும். சுவிட்சர்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். துணையிழந்த கினி எலிக்கு, அதன் எஞ்சிய காலம்வரை மற்றொன்றை வாடகைக்குக் கொடுத்துப் பின்பு திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அங்கே நடந்தது. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் எண்ணிப் பார்த்தால் அதில் நல்லறிவு இருக்கிறது.

நம் வீடுகளுக்கு அத்தனை தொலைவு போகவேண்டியதில்லை. உரோமமற்றதற்குத் துணை உரோமமற்றதாகவே இருக்கவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. அவை ஒன்றையொன்று தோற்றம் பார்த்து விலக்குவதில்லை. காப்பகத்திலிருந்து சாதாரண உரோமக் கினி எலி ஒன்றைக் கொண்டுவரலாம். இரண்டும் பெண்ணாக இருந்தால் குட்டிகளைப் பற்றிய கவலையில்லை. இரவில் இரண்டும் ஒன்றையொன்று அணைத்தபடி துணிப்பைக்குள் படுத்துக்கொள்ளும். உரோமமுள்ளதன் சூடு மற்றதற்கும் கிடைக்கும்.